நூற்று அறுபத்தொன்பதாவது வகுத்தல்

விழாத் தலைவர் அவர்களே, பொறுமையின் வடிவமாய் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளைப் படிக்க வைத்தே களைத்துப்போன தாய்மார்களே, என்னிடம் திட்டு வாங்கியும் எனக்கு விழா எடுக்கும் அன்பர்களே, வணக்கம். நின்று பேச முழங்கால் ஒப்பவில்லை. உட்கார்ந்து பேச மனம் ஒப்பவில்லை.

இந்தத் திரைக்குப் பின்னால் சுவரில் பதிக்க ஒரு கல் காத்திருக்கிறது. ‘1022117: நம் ஆசிரியர் கண்ட பகா எண்’ என்று பொறித்திருக்கிறார்கள். பகா எண் என்றால் என்ன? அத்தனை தரை ஓடுகளைக் கொடுத்தால் ஒரே வரிசையாகத்தான் பதிக்கலாம். எந்தச் செவ்வக அறையிலும் மிச்சமின்றி அடங்காது.

முப்பது ஆண்டுக்கு முன் வகுப்பில் அதை வகுத்தேன். இரண்டா? கடைசி இலக்கம் ஏழு, வகுபடவில்லை. மூன்றா? இலக்கங்களைக் கூட்டினால் பதினான்கு, வகுபடவில்லை. என் பட்டியலில் ஆயிரம் வரை உள்ள பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டு. அத்தனையாலும் வகுத்தேன். மூன்று நாள், கை ஓய்ந்தது, கண் ஓய்ந்தது, சுண்ணக்கட்டியும் தீர்ந்தது. ‘பகா எண்’ என்று எழுதிக் கீழே கோடு போட்டேன்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள்.

“சார், அடுத்தது ஆயிரத்தொம்போது இருக்கே. அதால வகுத்தீங்களா?”

“பட்டியல் முடிஞ்சிடுச்சும்மா. உக்காரு.”

வகுப்பு சிரித்தது. ‘ஆயிரத்தொம்போது’ என்றே அவளுக்குப் பெயர் வைத்தது. அந்த ஆண்டு முழுதும் அவள் கேள்வியே கேட்கவில்லை. அடுத்த ஆண்டு பள்ளிக்கே வரவில்லை.

என்ன தம்பி, சுருக்கமாகப் பேசச் சொல்கிறீர்களா? அன்றும் சுருக்கத்தான் செய்தேன். அதுதான் தப்பு.

இன்று காலை கல் பதிக்க வந்தவர் அந்த மாணவிதான். ஓடு பதிக்கும் கொத்தனார். கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்:

“ஆயிரத்துப் பதினொண்ணுக்கு ஆயிரத்துப் பதினொண்ணு சதுரம் போட்டா நாலு ஓடு குறையுது சார். அகலத்துல ரெண்டு வரிசையைக் கழிச்சு, நீளத்துல ரெண்டு கூட்டுங்க. ஆயிரத்தொம்போதுக்கு ஆயிரத்துப் பதிமூணு. ஒரு ஓடு மிஞ்சாது. அன்னிக்கே வீட்ல வகுத்துப் பாத்துட்டேன்.”

“ஏம்மா சொல்லல?”

“உக்காரச் சொல்லிட்டீங்களே சார். கலவை இறுகுது. பதிக்கவா, வேணாமா?”

மாலைக்குக் கழுத்தை நீட்டிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். நூற்று அறுபத்தெட்டு முறை வகுத்தவனுக்கு இன்னும் ஒரு முறை வகுக்கத் தெம்பில்லையா? தெம்பு இருந்தது. கேட்டது ஒரு சிறுமி என்பதால் மனம்தான் இல்லை.

தலைவர் அவர்களே, திரையை விலக்க வேண்டாம். அம்மா, அந்தக் கல்லைத் திருப்பிப் பதித்துவிடுங்கள்; எழுத்து சுவரைப் பார்க்கட்டும். அதற்கு முன், உட்காரச் சொன்னவனே கேட்கிறேன், எழுந்து வாருங்கள். இந்த ஒலிபெருக்கி முன் நின்று, அன்று நான் செய்யாத அந்த ஒரு வகுத்தலைச் செய்து காட்டுங்கள். இந்தமுறை நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

இவ்வளவு நேரம் கேட்டவர்களுக்கு நன்றி. அன்று கேள்வி கேட்டவருக்கு என் வணக்கம்.