அவனுக்குப் பின்னால் ஒரு வட்டம்

சனிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். ரோட்டில் ஈ காக்கை இல்லை…

பைண்டர் அப்படித்தான் ஆரம்பித்தார். அச்சகத்தில் கரண்ட் போயிருந்தது. வரும்வரை வேலை இல்லை. காகிதக் கட்டுகளின் மேல் எல்லோரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ செல்போன் விளக்கைப் போட்டார்கள். பைண்டர் அதை அணைக்கச் சொன்னார்.

"யாருக்குண்ணே நடந்தது?"

"என் சிநேகிதனோட மச்சானுக்கு. போர்டு எழுதறவன். நோய்க்குப் பயந்து ஊரே பூட்டிக் கிடந்துதே, அப்போ."

"பேய் வருமா?"

"வரும்."

"மாஸ்க் போட்டிருக்குமா?"

சிரித்தார்கள். பைண்டர் சிரிக்கவில்லை.

"போட்டிருக்கும்," என்றார்.

கடை சனிக்கிழமை காலையில் மட்டும் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் காலாற நடந்துவிட்டு வரலாம். அந்த நாட்களில் வெளியே போவது என்றால் இந்த இரண்டுதான். மற்ற நேரமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே.

கடை வாசலில் ஆட்கள் தள்ளித்தள்ளி நிற்க வட்டம் போட்டவன் அவன்தான். ஆணி அடித்து, நூல் கட்டி, சாக்பீஸால் சுற்றி, மஞ்சள் பெயிண்ட் அடித்தான். வாசலில் தொடங்கி, முனை திரும்பி, மூடிக்கிடந்த சினிமா தியேட்டர் வரை.

"ஊரே இப்ப என் வட்டத்துலதான் நிக்குது," என்றான் பெண்டாட்டியிடம்.

"நீங்களும் அதுலதான் நிக்கணும். பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

வாசலில் காவலாளி. கையில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி. அதனால் ஆளுக்கே துப்பாக்கி என்று பெயர் வந்துவிட்டது. கடையின் சட்டத்தை அவன் மனப்பாடமாகச் சொல்வான். ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் உள்ளே. யாராவது இருமினால், அவரும் வெளியே, கூட வந்தவரும் வெளியே.

அந்தச் சனிக்கிழமை அவனுக்கு மாவும் முட்டையும் வாங்கியாக வேண்டும். மறுநாள் மகளுக்குப் பிறந்தநாள். வேறெதுவும் செய்ய வழியில்லை, ஒரு கேக்காவது செய்வோம் என்று சொல்லியிருந்தான். வரிசை நகர்ந்து நகர்ந்து வாசலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டான்.

பின்னால் இருமல்.

வறட்டு இருமல் இரண்டு… பிறகு சின்னதாக ஒன்று, மன்னிப்புக் கேட்பதுபோல.

திரும்பாமலே தெரிந்தது. அண்ணி.

அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் அந்த இருமல் வீட்டுக்கு வந்தது. தையல் மெஷின் சத்தமும் இருமலும் மாறிமாறிக் கேட்கும். ஆஸ்துமா. அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன் அவன். அண்ணன் இறந்துபோனபின் அவள் அடுத்த தெருவில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தாள். நோய் வந்ததும் அண்ணனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை வெட்டி இரண்டு மாஸ்க் தைத்தாள். ஒன்று தனக்கு. ஒன்று அவனுக்கு.

"உங்க அண்ணன் சட்டை தம்பி. உங்களுக்கும் பங்கு உண்டு," என்றாள்.

அதைத்தான் அவன் அப்போது போட்டிருந்தான்.

"தம்பி…" என்று பின்னால் மெதுவாகக் கேட்டது. கேட்காதவன்போல நின்றான். அதற்குள் துப்பாக்கி வந்துவிட்டான்.

"யாரும்மா இருமுறது? நீங்களா?"

"இது பழைய இருமல்ப்பா. மூச்சுக்கு அடிக்கிற ஸ்ப்ரே தீந்துபோச்சு. அதைத்தான் வாங்க வந்தேன்."

துப்பாக்கி அவன் பக்கம் பார்த்தான்.

"இவங்க உங்க கூட வந்தவங்களா?"

வரிசை முழுவதும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. வாசல் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. மாவு, முட்டை, மகள் முகம்…

"இல்ல," என்றான்.

"மாஸ்க் ரெண்டும் ஒரே துணியா இருக்கே?"

"கடையில வாங்கினது. எத்தனையோ பேர் போட்டிருக்காங்க."

இவன் என் கொழுந்தன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பு தேயும் சத்தம் கேட்டது… தள்ளிப் போனது… தேய்ந்து போனது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைக்குள் ஒரு மூலையில் மருந்துப் பிரிவு. அதன் முன்னால் நின்றான். ஸ்ப்ரே டப்பாக்கள் வரிசையாக இருந்தன. யாருக்கு என்று கேட்டால் என்ன சொல்வது? மாவையும் முட்டையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

மறுநாள் கேக் நன்றாகத்தான் வந்தது. சாயங்காலம் மூவரும் நடக்கக் கிளம்பினார்கள்.

"பெரியம்மா வீட்டு வழியா போலாம்ப்பா. கீழ நின்னு கை ஆட்டலாம். கேக்கைக் கயித்துல கட்டிவிட்டா மேல இழுத்துக்குவாங்க," என்றாள் மகள்.

"நேரமாச்சு குட்டி. அடுத்த வாரம் பாக்கலாம்."

வாய்க்கால் பக்கமாகத் திருப்பி அழைத்துப் போனான்.

திங்கட்கிழமை அண்ணியின் கீழ்வீட்டுக்காரர்கள் மாடிக் கதவைத் தட்டிப் பார்த்தார்கள். திறக்கவில்லை. உடைத்துப் பார்த்தபோது மெஷின்மேல் தலை சாய்த்துக் கிடந்தாள். கையில் காலி ஸ்ப்ரே. வண்டி வந்து மூட்டை கட்டி எடுத்துப் போனது. உறவில் ஒருவர் மட்டும், அதுவும் எட்ட நின்று பார்க்கலாம் என்றார்கள். அவன் நின்றான். சோதனை முடிவு பிறகு வந்தது. நோய் இல்லை. மூச்சுத் திணறல்.

"சனிக்கிழமை கடைக்குப் போனீங்களே, அக்கா கண்ணுல படவே இல்லையா?" என்று பெண்டாட்டி கேட்டாள்.

"மாஸ்க்கைப் போட்டுக்கிட்டா யாருக்கு யாரைத் தெரியுது."

நீல மாஸ்க்கைக் கழற்றி பெயிண்ட் பெட்டிக்கு அடியில் திணித்தான்.

அடுத்த சனிக்கிழமை வேறு மாஸ்க் போட்டுக்கொண்டு போனான். தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் நின்றான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தான். அவனுக்குப் பின்னால் ஒரு வட்டம் காலி. அதற்கும் பின்னால்தான் கண்ணாடி போட்ட ஒருவர் நின்றார். வரிசை நகர்ந்தது. அவன் ஒரு வட்டம் முன்னால் போனான். கண்ணாடிக்காரரும் ஒன்று நகர்ந்தார். நடுவில் அதேபோல ஒன்று காலி.

தெரிந்துவிட்டது என்று நினைத்தான். அன்றைக்குப் பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள். அதுதான் யாரும் பக்கத்தில் வருவதில்லை. காது மடல் சுட்டது. சட்டைக்குள் வியர்த்தது. முனை திரும்பியும் அந்த வட்டம் காலியாகவே கூட வந்தது. பொறுக்க முடியவில்லை.

"முன்னாடி வாங்க சார். வட்டம் காலியாத்தானே இருக்கு," என்றான்.

கண்ணாடிக்காரர் அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

"எங்கே வரச் சொல்றீங்க? அந்தம்மா நிக்கிறாங்கல்ல."

"எந்தம்மா?"

"இவங்கதான். நீலக் கட்டம் போட்ட மாஸ்க்… உங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு நினைச்சேன். உங்களையேதான் பாத்துக்கிட்டு இருக்காங்க."

வட்டத்துக்குள் மஞ்சள் பெயிண்டும் வெயிலும்தான் இருந்தன. ஆனால் வாசனை வந்தது. தையல் மெஷின் எண்ணெய்… அதோடு நெஞ்சில் தடவும் தைலம்.

பையைச் சுருட்டிக்கொண்டு வரிசையைவிட்டு விலகினான். கடையில் கூட்டம் என்று வீட்டில் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போனார்கள். அப்போதெல்லாம் எதிரே ஆள் வந்தால் ஓரமாக ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர்கள் தாண்டிப் போனதும் நடப்பார்கள். அன்றைக்கும் எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். இவன் போனான், பெண்டாட்டி போனாள், மகள் போனாள். பிறகும் அவர்கள் நடக்கவில்லை. இன்னும் ஒரு ஆள் தாண்டுகிற நேரம் நின்றுவிட்டுத்தான் நடந்தார்கள். முதலில் நாயோடு வந்த ஒருவர். அப்புறம் ஒரு புருஷன் பெண்டாட்டி. அப்புறம் எல்லோரும்.

"என்னங்க, நாம போனதுக்கப்புறமும் ஒதுங்கியே நிக்கிறாங்க? நமக்கு நோய்னு யாராச்சும் கிளப்பிவிட்டாங்களா?" என்றாள் பெண்டாட்டி.

அவன் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தான்.

"அவ்வளவு ஆனப்புறமும் வீட்டுல சொல்லலையா?" என்று ஒருவன் இருட்டில் கேட்டான்.

"எப்படிச் சொல்லுவான்? பேய்க்குப் பயந்திருந்தா சொல்லியிருப்பான்," என்றார் பைண்டர்.

அதற்கடுத்த சனிக்கிழமை. வெளுப்பதற்கு முன்பே எழுந்தான். பெயிண்ட் பெட்டியைத் திறந்து நீல மாஸ்க்கை எடுத்துக் கட்டிக்கொண்டான். டர்பன்டைன் நாற்றம் மூக்கில் ஏறியது. அதற்குக் கீழே லேசாகத் தைலம். முதல் ஆளாகப் போய் வாசலை ஒட்டிய வட்டத்தில் நின்றான். வெறிச்சோடிய ரோடு. கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் சேர்ந்தார்கள். அவனுக்குப் பின்னால் ஒரு வட்டத்தை விட்டுவிட்டு நின்றார்கள்.

கடை திறந்தது. துப்பாக்கி வந்தான். அவனைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் பார்த்தான். இதுவரை கேட்டதே இல்லை என்பதுபோலக் கேட்டான்.

"இவங்க உங்க கூட வந்தவங்களா?"



"ஆமா," என்றான். "எங்க அண்ணி."

துப்பாக்கி கருவியை அவன் நெற்றிக்கு நேரே பிடித்தான். பீப். அப்புறம் கையைக் கொஞ்சம் தாழ்த்தி, அண்ணி உயரத்துக்கு, காற்றில் நீட்டினான். சத்தம் வரவில்லை. உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி மறுபடி நீட்டினான். பீப்.

"என்னங்க, இவ்வளவு சில்லுனு இருக்காங்க. ரொம்ப நாழியா வெளியிலயே நிக்கிறாங்களா?"

அவன் தலையாட்டினான்.

"சரி. ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான். யார் உள்ள போறீங்க?"

"அவங்க போகட்டும். மருந்து வாங்கணும் அவங்களுக்கு. நான் நிக்கிறேன்."

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. கொஞ்ச நேரம் திறந்தபடி இருந்தது. சர்ரென்று மூடிக்கொண்டது.

அவன் விலகி ஓரமாக நின்றான். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், பையோடு வந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் பார்த்தான். வெயில் ஏறியது. வரிசை கரைந்தது. ரோடு மறுபடி வெறிச்சோடியது. துப்பாக்கி ஷட்டரை இழுத்து விட்டுப் பூட்டினான். அப்போதுதான் அவனைக் கவனித்தான்.

"இன்னும் ஏன் நிக்கிறீங்க?"

"எங்க அண்ணி… உள்ள…"

"அவங்க அப்பவே வந்துட்டாங்களே. உங்க பின்னாடிதான் நிக்கிறாங்க."

பைண்டர் நிறுத்தினார். டீ ஃப்ளாஸ்கை ஆட்டிப் பார்த்தார். காலி. வெளியே எங்கோ ஒரு ஜன்னல் அடித்துக்கொண்டது.

"திரும்பிப் பாத்தானாண்ணே?"

"இல்ல… அன்னைக்கும் பாக்கலை. எப்படிப் பாக்குறதுன்னு தெரியலையாம். வெறும் பையோட வீட்டைப் பாக்க நடந்தான். பொண்ணுதான் வந்து கதவைத் திறந்தா. அவன் உள்ள போயிட்டான். செருப்பைக் கழட்டினான். மாஸ்க்கைக் கழட்டினான். கையைக் கழுவப் போகும்போது பாக்குறான்… பொண்ணு இன்னும் கதவைச் சாத்தலை. ஓரமா ஒதுங்கி, கதவைத் திறந்து பிடிச்சபடியே நிக்கிறா. ஒரு ஆள் உள்ள வர நேரம். அப்புறம்தான் சாத்தினா."