சீல் வைக்கப்பட்ட குழாய் நுனி

டிப்போவில் எல்லோரும் கண்டக்டரக்கா என்று கூப்பிடும் நான், வயது நாற்பத்துமூன்று, பணிமனைக்குப் பின்புறக் குடியிருப்பில் மாடி வீட்டில் இருப்பவள், யாரும் வற்புறுத்தாமல் நிதானத்தோடு சொல்வது. நிதானத்தோடு என்பது ஸ்டேஷன் எழுத்தர் தானாகச் சேர்த்தது. எனக்கு இப்போது நிதானம் கிடையாது.

எனக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி, பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து குடல் கிழிந்ததால் ஆபரேஷன் செய்தார்கள். வாயால் சாப்பிட முடியாது என்று கழுத்து நரம்பில் மெல்லிய குழாய் செருகி, சத்து நீரும் மருந்தும் அதன் வழியாகவே ஏற்றினார்கள். அதன் பிறகு காய்ச்சல் வந்தது. மருந்து ஏற்றினால் இறங்கியது, நிறுத்தினால் கட்டிலே ஆடும்படி குளிரெடுத்தது. ரத்தத்தைச் சோதித்தும் எந்தக் கிருமி என்று பிடிபடவில்லை.

அதன் பிறகு வார்டில் இருந்த சின்ன டாக்டரம்மாவைக் கேட்டேன். "தண்ணி பாட்டிலைக் கழுவாமலே வெச்சிருந்தா உள்ள வழவழன்னு ஒட்டிக்குமில்லக்கா, அந்த மாதிரி குழாய்க்குள்ள கிருமியெல்லாம் சேர்ந்து படலமாயிடுச்சு. வெளிய மிதக்கறது மருந்துல சாகுது. படலத்துக்குள்ள இருக்கறது சாகாம மறுபடி ரத்தத்துல கலக்குது" என்றார். அப்படியானால் குழாயை எடுங்கள் என்றேன். தம்பிக்கு ரத்தம் சீக்கிரம் உறைவதில்லை, இன்னொரு குழாய் போடுவது ஆபத்து என்று பெரிய டாக்டர் யோசிக்கிறார், அவர் சொல்லாமல் எடுக்க முடியாது என்றார். வெளியூரில் இருந்த பெரிய டாக்டர் போனில் மருந்தை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள்.

இன்று காலை தம்பியின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவன் மனைவி அவன் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அதே குழாயில் ஏற்ற மருந்தோடு நர்ஸ் வந்ததும் நான் தட்டைப் பிடுங்கிக்கொண்டு, வார்டு கதவுக்குக் குறுக்கே பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பெஞ்சு இடித்துத்தான் கதவுக் கண்ணாடி உடைந்தது. கத்தினேன் என்று ஆஸ்பத்திரி கொடுத்த புகாரில் உள்ளது. கத்தித்தானே இத்தனை வருஷம் பிழைக்கிறேன்! தம்பி கண்ணைத் திறக்காமலே, "அக்கா, இது பஸ் இல்லக்கா, மெதுவாப் பேசு" என்றான்.

அதன் பிறகு சின்ன டாக்டரம்மாவின் கையைப் பிடித்து, "உங்க வேலை போனா நான் உக்கார வெச்சுச் சோறு போடறேன், எடுத்துடும்மா" என்றேன். அவர் பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. அதன் பிறகு கையுறை மாட்டிக் குழாயை உருவி, ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்திருந்து, அதன் நுனியை வெட்டிச் சின்ன டப்பாவில் மூடினார். "இதை லேப்ல வளத்துப் பாத்தாத்தான் எந்த மருந்து கேட்கும்னு தெரியும். உடனே போகணும்" என்றார்.

டப்பா போகவில்லை. அதற்குள் போலீஸ் வந்துவிட்டது. நான் மிரட்டியதற்குச் சாட்சிப் பொருள் என்று அதையும் எடுத்துக் கவரில் போட்டு அரக்கு வைத்துவிட்டார்கள். இப்போது அது இதே மேஜையில், சப்-இன்ஸ்பெக்டர் ஐயாவின் டீ டம்ளருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேரமானால் காய்ந்து வீணாகிவிடும் என்று டாக்டரம்மா ஸ்டேஷனுக்கே போன் செய்து கெஞ்சிவிட்டார். கோர்ட் உத்தரவில்லாமல் சீலைப் பிரிக்க முடியாது என்கிறார்கள். கோர்ட் நாளை மறுநாள்தான். அதுவரை என் தம்பி தாங்கமாட்டான்.

தட்டைப் பிடுங்கியது நான், மிரட்டியது நான். டாக்டரம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை. அடித்தேன் என்று சேர்க்க வேண்டுமா, சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தர் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. இதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதோடு இரண்டு வெற்றுத் தாள்களின் அடியிலும் போட்டிருக்கிறேன். ஐயா அவற்றில் என்ன எழுதிக்கொண்டாலும் அதுவும் உண்மைதான். டப்பாவை லேபுக்கு அனுப்புங்கள்.

(கையெழுத்து)