ஏழு நாள், எழுபது டிகிரி

ஷைலா: பாத்தியா அண்ணாத்தே, உன் ரப்பர் இழுக்கறதுக்குள்ள பிஸ்கெட்டு மாதிரி ஒடையுது...

இக்னேஷியஸ்: மெதுவா இழும்மா. உன் ஊட்டுக்காரர் காதா அது?

ஷைலா: மெஷின் இழுக்குது, நானா இழுக்கறேன்? எழுபது டிகிரி ஓவன்ல ஏழு நாள் தொங்க வுட்டேன். நல்ல ரப்பர்னா தாங்கிருக்கணும். உன் கலவை ஃபெயில்.

இக்னேஷியஸ்: ஃபெயிலா? ஒண்ணாந்தேதி என்ன சூபர்வைசர் ஆக்கறேன்னு சொல்லிக்கீறாரு முதலாளி. இந்த ரிப்போர்ட்டுக்குத்தான் காத்துக்கினு கீறாரு!

ஷைலா: அதுக்கு? அந்தப் பழுப்பு பவுடரைப் போட்டியா, மறந்துட்டியா?

இக்னேஷியஸ்: நானா... மறப்பனா?

ஷைலா: அது இல்லன்னா சூட்டோட சூடா ஆக்ஸிஜன் உள்ள பூந்துரும். ரப்பர் நீள நீளமா சங்கிலிதான? கண்ட எடத்துல வெட்டி வுட்டுரும். கந்தகம் போட்டு நாம கட்டுன முடிச்சும்...

இக்னேஷியஸ்: யார்கிட்ட கத வுடற? அம்பத்தூர்ல இருவது வருஷமா ரப்பர் அரைக்கறேன். மொத அடிய அந்தப் பவுடர் வாங்கிக்கும், ரப்பர் பொழைக்கும். போட்டேன். மாதா மேல சத்தியம்.

ஷைலா: அப்ப ஏன் ஒடையுது?

இக்னேஷியஸ்: உன் ஓவன் சரியா கீதா?

ஷைலா: ஓவனுக்கு இன்னா...

இக்னேஷியஸ்: இன்னா மூஞ்சி இப்டி மாறுது?

ஷைலா: அண்ணாத்தே... யார்கிட்டயும் சொல்லாத.

இக்னேஷியஸ்: சொல்லு சொல்லு.

ஷைலா: செவ்வாக்கெழம கரையான்சாவடிலேர்ந்து வண்டில நனைஞ்சிக்கினு வந்தேன். ஷால் காயட்டும்னு ஓவன்ல போட்டு ஒரு அரை மணி நேரம்... நூறு வச்சேன்.

இக்னேஷியஸ்: அடிப்பாவி! டெஸ்ட் ஓடறப்பவா?

ஷைலா: கத்தாத! தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுத்துடறேன். என் வேலை போனாலும் போவுது. உன் பதவி ஏன் போவணும்?

இக்னேஷியஸ்: அந்தப் பேனாவ இப்டி குடு.

ஷைலா: இன்னா, குதிப்பன்னு பாத்தா பேனாவப் புடுங்கற?

இக்னேஷியஸ்: அதெல்லாம் எழுதாத.

ஷைலா: ஏன்?

இக்னேஷியஸ்: அரை மணி நேரத்துல எந்த ரப்பரும் சாவாது.

ஷைலா: அப்ப இது எப்டி செத்துது?

இக்னேஷியஸ்: சூபர்வைசர் ஆனா பிரியாணி போடணும்னு நீங்கதான உசுர வாங்கனீங்க? சரி, ஒரு ட்ரயல் பாப்போம்னு... ஞாயித்துக்கெழம ஓவன்ல நூத்தம்பது வச்சி, பிரியாணி குண்டான தம்ல போட்டுட்டு பூசைக்குப் போனேன். ஃபாதர் கூட்டம் போட்டு சாயங்காலந்தான் வுட்டாரு. ஓடியாந்து எழுபதுக்கு மாத்தனேன்... உள்ள தொங்கறது என் ரப்பருன்னு எனக்கு இன்னாம்மா தெரியும்?