ஒரு வாய்த் தண்ணி

— ஒரு வாய்த் தண்ணிக்கு இவ்வளவு நேரமா அத்தை? டாக்டரைப் பாக்க வந்தாலே உங்களுக்குத் தாகம் எடுத்துடுது.

— வயசானா தண்ணியும் மெதுவாத்தான் இறங்கும் கண்ணு. ஸ்கேன் ரூம்ல என்ன சொன்னாங்க?

— ஒண்ணுமில்ல அத்தை. அந்தப் பொண்ணு மூணு தடவை அளந்தா. அப்புறம் திரையைத் திருப்பி வெச்சுட்டு வெளியே போயிட்டா.

— குழந்தையையா அளந்தா?

— கர்ப்பப்பை வாயை. அஞ்சு மாசத்துக்கு நீளம் ரொம்பக் குறைவுன்னு மட்டும் சொன்னா.

— வலிக்குதா?

— ஒண்ணுமில்ல. அடிவயிறு கொஞ்சம் கனமா இருக்கு.

— உன் ‘ஒண்ணுமில்ல’ எல்லாத்தையும் அடுக்கினா மாடி வீடே கட்டிடலாம். சாஞ்சு உக்காரு. காலை என் மடியில வை.

— ஐயோ, பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?

— கொடுத்து வெச்ச மருமகள்னு நெனைப்பாங்க. வை.

— அந்தச் சக்கர நாற்காலி யாருக்கு அத்தை? நர்ஸ் அதைப் பிடிச்சுக்கிட்டு நம்மளையே பாக்கறாங்க.

— நாற்காலின்னா யாராவது உக்காருவாங்க. நீ இங்க பாரு. மாவு மில்லுல இருபது வருஷம் மூட்டை தைச்சவ நான். வாய் கிழிஞ்ச மூட்டைன்னு முன்னாடியே தெரிஞ்சா ரெட்டைத் தையல் போட்டுடுவோம், ஒரு பிடி மாவு சிந்தாது. சொல்லாம அடுக்கிட்டாதான் வம்பு. பாரம் ஏற ஏற...

— போதும் அத்தை.

— ஏன் முகத்தைத் திருப்பிக்கற?

— முதல் நாள் டாக்டர் கேட்டாங்க, முன்னாடி ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கான்னு. இல்லைன்னுட்டேன்.

— ம்.

— நடந்திருக்கு அத்தை. கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. கர்ப்பப்பை வாயில கெட்ட செல் இருக்கு, விட்டா புற்றா மாறிடும்னு ஒரு துண்டை வெட்டி எடுத்தாங்க. தெரிஞ்சா குறையுள்ள பொண்ணுன்னு ஒதுக்கிடுவீங்களோன்னு பயந்துட்டேன்.

— என் பையனுக்கு?

— அவருக்கும் தெரியாது. இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, என் பொய்தான் அதை விழுங்கியிருக்கும்.

— காலை எடுக்காத. கேளு. கல்யாணத்துக்கு முந்தின வாரமே உங்கம்மா எங்கிட்ட சொல்லிட்டா. அவ குடுத்த ஆபரேஷன் சீட்டு இத்தனை நாளா என் பையிலதான் கிடந்துச்சு. உன் வாயால நீயே சொல்லட்டும்னு இருந்தேன். டாக்டர் கேள்வி கேக்கறப்பெல்லாம் எழுந்து வெளியே போனேனே, ஒரு மனுஷிக்கு அவ்வளவு தாகமா எடுக்கும்?

— அத்தை...

— அதைக் கருணைன்னு நெனைச்சேன். சும்மா இருந்த பாவம் என் தலையிலயும் இருக்கு, கடவுள் ரெண்டு பேரையும் சேர்த்தே மன்னிக்கட்டும். இன்னைக்கு நான் தண்ணி குடிக்கப் போகல கண்ணு. சீட்டை டாக்டர் கையில குடுத்துட்டு வந்தேன். பிள்ளை நழுவாம இருக்க கர்ப்பப்பை வாய்க்குத் தையல் போட ரூம் தயாராகுது. தையல் நிக்குமான்னு அவங்களாலயே சொல்ல முடியல. எழுந்து நடக்காத, அந்த நாற்காலி உனக்குத்தான்.