பெரியவன் ஓங்கிய சுத்தியல்

படத்தைவிடப் புத்தகம்தான் நன்றாக இருந்தது என்று சொல்பவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, மேடம். அதைச் சொல்லப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். எந்த வரி மாறியது, எந்த ஆள் காணாமல் போனான், எதற்காக என்று எடுத்துச் சொல்வதுதான் கஷ்டம். கல்லூரியில் என் பாடமே அதுதான். பெரிய நாவல்களையும் அவற்றிலிருந்து எடுத்த படங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது. மூலத்தில் இல்லாத ஒரு பொத்தானைக்கூட விடமாட்டேன். அதனால் மாணவர்கள் எனக்கு 'மூலம்' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு வியாதிப் பொருளும் உண்டு என்பது தெரியாதவன் இல்லை நான். கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

என் மைத்துனனைப் பற்றிக் கேட்டீர்கள். என் மனைவியின் தம்பி அவன். சின்ன வயதிலேயே தாயை இழந்தவன் என்பதால் அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் என் மனைவிதான். எங்கள் கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நல்ல பையன். சினிமாவுக்குப் போய் இயக்குநர் ஆனான். இரண்டாவது படத்துக்கு அந்த நாவலை எடுத்துக்கொண்டபோது நேராக என்னிடம் வந்தான்.

"அத்தான், நீங்க கூட இருந்தாத்தான் எனக்குத் தைரியம். டைட்டில்ல 'மூலநூல் ஆலோசகர்'னு உங்க பேரைத் தனியாப் போடறேன்" என்றான்.

மனம் குளிர்ந்துபோனது என்பதை மறைப்பானேன்.

அந்த நாவலை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன். கொல்லுப்பட்டறை வைத்திருக்கும் அண்ணன் தம்பியின் கதை. சின்னவன், பெரியவனுக்குத் தெரியாமல் பட்டறையை விற்றுவிடுகிறான். கடைசி அத்தியாயத்தில் பெரியவனுக்கு அது தெரியவருகிறது. அடித்துக்கொண்டிருந்த கதவுக்கீலை அப்படியே விட்டுவிட்டுச் சுத்தியலோடு எழுந்திருக்கிறான். முதல் அடியில் சின்னவன் முட்டி போடுகிறான். இரண்டாவது அடி காதுக்கு மேல். மூன்றாவது, தரையில் கிடப்பவன் மேல். பிறகு பெரியவன் தொட்டியில் கையைக் கழுவிவிட்டு வந்து, பாதியில் நின்ற கீலை அடித்து முடிக்கிறான். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. நூலின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

இதே நாவலை வெகுகாலத்துக்கு முன்பே ஒருவர் படமாக எடுத்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படம். அப்பா என்னைக் கூட்டிப்போனபோது எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. பெரியவன் சுத்தியலை ஓங்கியதும் கண்ணைப் பொத்திக்கொண்டேன். அப்பா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "ஆம்பளப் புள்ளையா இருந்தா பாரு" என்றார். சுண்டுவிரல் வீங்கிவிட்டது. ஆனால் பார்த்துவிட்டேன். பெரியவனாகிப் புத்தகத்தைப் படித்தபோது எல்லாம் அப்படியே இருந்தது. மூலத்துக்கு அவ்வளவு விசுவாசமான படம் இன்னொன்று இல்லை என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்வேன்.

என் பிரதி பழையது. நடைபாதைக் கடையில் வாங்கியது. பின்னட்டையும் கடைசிச் சில தாள்களும் எப்போதோ கழன்று போய்விட்டன. அதனால் குறை ஒன்றுமில்லை. அந்தப் பகுதி எனக்கு மனப்பாடம். ஒருமுறை ஒரு மாணவி, பெரியவன் கடைசியில் சுத்தியலைப் போட்டுவிட்டு அழுதான் என்று தேர்வில் எழுதியிருந்தாள். புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வாய்க்கு வந்ததை அளந்திருக்கிறாள். பூஜ்யம் போட்டேன். அறைக்கு வந்து கண்ணைக் கசக்கினாள். அழுகையைக் காட்டி என்னிடம் யாரும் மதிப்பெண் வாங்கியதில்லை.

படப்பிடிப்பு முழுவதும் நான் கூடவே இருந்தேன். சுத்தியலுக்கு ரப்பர் வேண்டாம், கேமரா காட்டிக்கொடுத்துவிடும், அசல் இரும்பே இருக்கட்டும் என்று சொன்னவன் நான்தான். கடைசிக் காட்சியை மட்டும் நான் தேர்வுத்தாள் திருத்தப் போயிருந்த வாரத்தில் எடுத்துவிட்டார்கள். எடிட்டிங் முடியட்டும், மொத்தமாகப் பாருங்கள் என்றான் மைத்துனன்.

படம் பார்க்கப் போன அன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போது என் மனைவி, "எது எப்படி இருந்தாலும் அவனை ஒண்ணும் சொல்லிடாதீங்க. ரொம்பப் பாடுபட்டிருக்கான்" என்றாள். சரி என்றேன். பொய்யாகச் சொல்லவில்லை.

எடிட்டிங் அறை உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் முத்திரை வைத்தீர்கள். வெளியே சுள்ளென்று வெயில், உள்ளே ஜன்னல் முழுக்கக் கறுப்புத் துணி. எடிட்டர் சாப்பிடப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர்தான். படத்தில் பயன்படுத்திய சுத்தியலை நினைவுக்காக மேசைமேல் வைத்திருந்தார்கள்.

திரையில் பெரியவன் சுத்தியலை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. சுத்தியல் கீழே விழுந்தது. பிறகு தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். மூக்கு ஒழுக ஒழுக அழுதான், மேடம். சின்னவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். படம் முடிந்துவிட்டது.

"எங்கேடா அடி?" என்று கேட்டேன்.

"எந்த அடி, அத்தான்?"

"மூணு அடி. என் பேரைப் போட்டுட்டு முடிவை மாத்தி வெச்சிருக்கே. நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட வகுப்புல நிக்கிறது?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நோயாளியைப் பார்க்கிற பார்வை. "அத்தான், நீங்க புக்கை எடுத்துப் பாத்து எத்தனை வருஷமாச்சு?" என்று மெதுவாகக் கேட்டான். கேலியாகக் கேட்டிருந்தால் பொறுத்திருப்பேன். இரக்கத்தோடு கேட்டான். அந்த நாவலைக் கரைத்துக் குடித்தவன் என்று ஊரே சொல்லும் என்னிடம் கேட்டான். "இருங்க, நானே காட்டறேன்" என்று அலமாரிப் பக்கம் திரும்பி, புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினான்.

முதல் அடியில் முட்டி போட்டான். அது சரியாக இருந்தது. "அத்தான்" என்றான், மூலத்தில் சின்னவன் வாய் திறப்பதில்லை. இரண்டாவது காதுக்கு மேல். பழைய படத்தில் அந்தச் சத்தத்துக்கு எதிரொலி சேர்த்திருப்பார்கள். நிஜத்தில் எதிரொலி இல்லை, ஈரமான சின்னச் சத்தம்தான். ரத்தம் என் கண்ணாடியில் தெறித்ததால் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குள் அவன் தரையில் கிடந்தபடி ஒரு கையால் என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டான். சின்னப் பையனாக அக்காவின் சேலையைப் பிடித்திருப்பானே, அதே பிடி. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சுண்டுவிரல் ஒடிந்தது. பிறகு மூன்றாவது.

கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பாதியில் நின்ற வேலையை முடிக்க வேண்டும் அல்லவா? அந்த அழுகைக் காட்சியை வெட்டப் பார்த்தேன். அந்த இயந்திரத்தை இயக்க எனக்குத் தெரியவில்லை. ஆகவே அதையும் சுத்தியலாலேயே முடித்தேன். அந்த நேரத்தில்தான் எடிட்டர் கதவைத் திறந்தார். ஆமாம், என் மைத்துனனைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று என் மனைவி இங்கே வந்தாள். "என் தம்பி உங்களை என்ன பண்ணினான்?" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "முடிவை மாத்திட்டான்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அவள் புத்தகம் படிப்பவள் இல்லை.

இதைப் பார்க்கச் சொல்கிறீர்கள். அவன் கையிலிருந்து எடுத்த புத்தகமா? ஓரமெல்லாம் கறுத்து ஒட்டிப்போயிருக்கிறது. அவன் விரல் வைத்திருந்த பக்கமா இது? சரி, படிக்கிறேன். 'பெரியவன் சுத்தியலைக் கீழே போட்டான். தரையில் உட்கார்ந்து அழுதான். சின்னவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.' அப்புறம் முற்றும் என்று இருக்கிறது.

வேறு வேறு பதிப்புகளும் வாங்கிப் பார்த்துவிட்டீர்களா? எல்லாவற்றிலும் இதுதானா?

இருக்கட்டும், மேடம். அந்த மாணவி எழுதியதும் அச்சு அசலாக இதுதான். எழுதியது நூலாசிரியரே ஆனாலும் இதற்கு நான் மதிப்பெண் போட மாட்டேன்.