கத்தலைக் காப்பாற்றியவன்

என்னை வேலைக்கு வைத்திருக்கும் இத்தாலிய அம்மா, சிஞ்ஞோராவுக்குத் தொலைபேசி நெடுநேரம் அடிப்பது பிடிக்காது. அதனால் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுத்துவிடுவேன். கபோ சந்தைக்கு மேலே இருக்கும் அந்த வீட்டில் சமைப்பது, துடைப்பது, நாயை நடக்கக் கூட்டிப்போவது எல்லாம் நான்தான். இங்கே இருக்கும் நம் தமிழ் ஆட்களில் பாதிப் பேருக்குச் சொந்தத் தொலைபேசி இல்லை. ஊரிலிருந்து வருகிற அழைப்பெல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

சூசைதாசன் அண்ணை, உங்கள் தகப்பனார் கண்மூடிய செய்தியும் முதலில் என் காதுக்குத்தான் வந்தது. அதை நான் போனில் சொல்லவில்லை. சீசாப் பகுதியில் உங்கள் வீடு தேடி வந்து, உங்களைச் சாப்பிட வைத்து, பிறகுதான் சொன்னேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். இந்த உமாசுதன் சேதியைப் பிழையாகச் சொன்னான் என்று இந்த ஊரில் யாரும் குறைப்பட்டதில்லை. நீங்களும் கோயில் பங்குச் சபை சார்பில், நடந்ததை மரியாதையாகத்தான் கேட்கிறீர்கள். ஆகவே மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் சில பொடியன்கள் ஹாட்கோரின் வேகத்தையும் மெற்றலின் கனத்த கித்தாரையும் ஒன்றாகப் போட்டு அடிக்கிறார்கள். மெற்றல்கோர் என்று பெயர். பாடகன் பாடமாட்டான், கத்துவான். நடுவில் எல்லாம் திடீரென்று மெதுவாகி, சுவர் சரிந்து விழுவதுபோல ஓர் இடம் வரும். சந்தையில் கசெற் விற்கும் எமிலியானா அவற்றைத் தபாலில் எடுப்பித்து, எனக்கும் பதிந்து தருவாள். பாத்திரம் கழுவும்போதும் காதில் அதுதான்.

கேட்டுக் கேட்டு ஒன்றைக் கண்டுபிடித்தேன். முதல் கசெற்றில் குடல் அறுந்தவன்போலக் கத்துகிறவன், அடுத்ததில் ஓரிரு வரி பாடிப் பார்ப்பான். அதற்கடுத்ததில் முழுக்கப் பாடுவான். கித்தார் குழையும். அட்டைப் படத்தில் தலை சீவி நிற்பார்கள். அதற்கு போஸ்ற்-ஹாட்கோர் என்று ஒரு பெயர் உண்டு. எமிலியானா அதை வளர்ச்சி என்பாள். நான் ஆறிப்போனது என்பேன். புண் ஆறினவன் கத்தமாட்டான். அது அவன் குற்றமில்லை. ஆறுவதற்கு முன் யாராவது கவனித்திருக்க வேண்டும்.

எங்கள் குழுவில் நான் கித்தார். பவுல் மேளம், பிரான்காச்சோவில் அவன் வேலை செய்யும் இரும்புப் பட்டறையில்தான் ஞாயிறு மத்தியானம் அடிப்போம். குரல் றெஜியுடையது. மன்னாரில் அவன் தாய் தகப்பன் இருவரும் ஷெல்லில் போனவர்கள். அதைப் பற்றி அவன் வாயே திறப்பதில்லை. முதன்முதல் மைக்கைப் பிடித்து அவன் கத்தியபோது பவுலின் கையிலிருந்த தடி கீழே விழுந்தது. நான் அடிப்பதை நிறுத்தவில்லை. இந்தக் குரலை யாராவது காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

எமிலியானா எங்கள் பாட்டுப் பதிந்த ரேப்பை அமெரிக்காவில் ஒரு சின்ன இசைத்தட்டுக் கொம்பனிக்கு அனுப்பினாள். இதே மாதிரி இன்னும் ஒரு பாட்டு அனுப்புங்கள், தட்டாகப் போடுகிறோம் என்று பதில் வந்தது. இதே மாதிரி என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் றெஜியின் தங்கை ஸ்ரெல்லா வவுனியா அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தாள். அவனுக்கு மிஞ்சியிருந்தது அவள் ஒருத்திதான். சிஞ்ஞோரா வீட்டுத் தொலைபேசியில் கதைத்துவிட்டு, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். அடுத்த ஞாயிறு பட்டறையில் மைக்கைப் பிடித்தபடி கேட்டான்.

"மச்சான், இந்த இடத்திலை கத்தாமல் பாடினால் என்ன?"

"பாடு. கலியாண வீட்டுக்கும் கூப்பிடுவாங்கள்."

பவுல் சிரித்தான். "தங்கச்சி வாறாள் எண்டதிலையிருந்து இவன் கோயிலிலை பாடுற பெட்டையள் மாதிரி ஆகிப்போட்டான்."

றெஜி கோபிக்கவில்லை. பாடினான். நல்லாகத்தான் இருந்தது. எமிலியானா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, அழகாக இருக்கிறது என்றாள். அந்த மூன்றாவது கசெற்றுகளைக் கேட்கும்போது சொல்வாளே, அதே குரலில்.

மறுவாரம் ஸ்ரெல்லா சிஞ்ஞோரா வீட்டுக்குப் போன் எடுத்தாள். றெஜி வேலையில் நின்றான்.

"உமா அண்ணாவோ? கித்தார் அடிக்கிறவர்?"

"ஓம் பிள்ளை."

"அண்ணாவை ஞாயிறு இந்தக் கடை நம்பருக்கு எடுக்கச் சொல்லுங்கோ. அவர் வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜென்சிக்காரனோடை கதைச்சால்தான் என்னைக் கொழும்புக்கு எடுப்பான். மறந்துபோடாதேங்கோ. நீங்கள் சேதி ஒழுங்காச் சொல்லுவியள் எண்டு அண்ணா சொன்னவர்."

"சொல்லுறன்," என்றேன்.

நாயை நடக்கக் கூட்டிப் போனேன். திரும்பி வந்து கை கழுவிவிட்டு சீசாவில் றெஜி இருக்கும் வீட்டுக்குப் பஸ் எடுத்தேன். அவனை இருத்தி, சோறு போட்டுக் கொடுத்தேன். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு, முகாமுக்குள் ஷெல் விழுந்ததாம், ஸ்ரெல்லா இல்லையாம் என்றேன்.

யார் எடுத்துச் சொன்னது என்று அவன் கேட்கவில்லை. உடலைக் கண்டார்களா என்றும் கேட்கவில்லை. சேதி கொண்டு வருகிறவனைக் குறுக்குக் கேள்வி கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. பக்கத்து வீட்டுப் புனிதமலர் அக்கா கோப்பியோடு வந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். முப்பத்தோராம் நாள் பூசையில் ஸ்ரெல்லாவின் பெயரை வாசித்தது நீங்கள்தான், அண்ணை. நல்லாக வாசித்தீர்கள்.

பாட்டுப் பதிவு அதற்கு முந்தியே முடிந்துவிட்டது. நான் கூப்பிடவில்லை. அவனாகத்தான் வந்தான்.

"மச்சான், பட்டறையைத் திறக்கச் சொல்லு. எனக்குக் கத்தவேணும்."

நான் செய்தது றெக்கோடரின் பொத்தானை அழுத்தியது மட்டும்தான். அந்தச் சத்தத்தை உங்களுக்கு விளக்க எனக்குத் தெரியாது. எமிலியானா பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். அமெரிக்காக்காரர் உடனே எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தட்டு அங்கே விற்கிறது. அதில் ஒரு வரிகூடப் பாட்டு இல்லை.

ஸ்ரெல்லா திரும்பவும் எடுத்தாள். றெஜி யேர்மனிக்குப் போய்விட்டான், விலாசம் தெரியாது என்றேன். அவள் விடவில்லை, பிறகும் எடுத்தாள். இப்படி எடுத்துக்கொண்டே இருந்தால் அவன் இங்கே வந்து நிற்கிற ஒரு நாள் அவனே போனை எடுத்துவிடக்கூடும். அதனால், உன்னைப் பொறுப்பெடுக்க ஏலாது என்று அவன் சொல்லிவிட்டான் என்றேன். அவளுக்குப் பின்னால் கடைக்காரன் யாரையோ ஏசுவது கேட்டது.

"சரி அண்ணா. அவர் சுகமா இருக்கிறாரோ?"

"ஓம். நல்லா இருக்கிறான்."

பிறகு அவள் எடுக்கவில்லை. பேசாலைக்குப் போய், இராமேசுவரத்துக்குப் புறப்பட்ட வள்ளம் ஒன்றில் ஏறியிருக்கிறாள். வள்ளம் கவிழ்ந்தது. கடல் என் கையிலா இருக்கிறது?

அந்தச் செய்தி என் வழியாக வரவில்லை. புனிதமலர் அக்கா புதிதாகத் தொலைபேசி எடுத்திருந்தார்; பேசாலையிலிருந்து அவருடைய தம்பி நேரே அவருக்கே எடுத்துவிட்டான். அவளுக்குப் பூசையே குடுத்து முடிஞ்சுதடா, ஆரையோ மாறிச் சொல்லுறாய் என்று அக்கா ஏசினாராம். அவன், "என்ன விசர்க்கதை அக்கா, நேற்றுத்தான் நான் அவளின்ரை சவப்பெட்டி தூக்கினனான்" என்றானாம். ஒரே பெட்டைக்கு இரண்டு தரம் துக்கம் சொல்வது எப்படி என்று அக்காவுக்கு விளங்கவில்லை. வழக்கப்படி என்னைக் கூப்பிட்டார். முதல் தரம் சொன்னவன் நான்தானே.

போகும்போது சின்ன றெக்கோடரைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். அமெரிக்காக்காரர் இன்னும் ஒரு பாட்டுக் கேட்டிருந்தார்கள்.

அக்கா சொன்னார். றெஜி சோற்றுக் கோப்பையிலிருந்து கையை எடுத்து, என்னைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். அக்காவும் அவன் பார்த்த திசையிலேயே மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பொறுத்திருந்தேன். ரேப் ஓடி முடிந்து பைக்குள் கிளிக்கென்றது. பிறகு வீட்டில் போட்டுக் கேட்டேன். அக்காவின் விசும்பலும் வெளியே பஸ் போகிற சத்தமும்தான் இருந்தன. அவனிடமிருந்து ஒன்றுமில்லை.

இன்றுவரை அவன் ஒரு சொல்லும் கதைக்கவில்லை என்கிறீர்கள். எனக்கும் அது கவலைதான். அவ்வளவு பெரிய குரல் அது.

மற்றவர்கள் என்னைப் பொய்யன் என்கிறார்கள். அது மட்டும் நியாயமில்லை. ஸ்ரெல்லா இல்லை என்று சொன்னேன். ஸ்ரெல்லா இல்லை. இந்த ஊரில் நான் கொண்டுவந்த சேதி ஒன்றும் இதுவரை பிழையாகப் போனதில்லை, அண்ணை. இது கொஞ்சம் முந்திவிட்டது, அவ்வளவுதான்.