கப்பல் மேலே, இன்ஜின் கீழே

மனிதகுலம் பூமியை விட்டு நட்சத்திரங்களில் குடியேறும் நாளில், அதன் முதல் வீட்டுக்கு நிலைவாசல் எந்தப் பக்கம் என்று சொல்லப்போகிறவன் ஒரு தமிழனாகத்தான் இருப்பான். இதை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அந்தத் தமிழன் நான்தான், இன்ஸ்பெக்டர் ஸார். வாஸ்து ரத்னா சண்முகசுந்தரம். நட்சத்திரம் என்றது தி. நகரில் ஒரு புடவைக் கடையின் மாடியை. படியேறினால் இந்தப் பக்கம் கழிவறை, அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனி.

அதன் முதலாளி சாய்நாத் என் மேல் மோசடிப் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். வருத்தமில்லை. ஆனால் அவர் எழுதாமல் விட்டதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அரைகுறை வேலை எனக்கு ஆகாது.

போன வருடம், தொண்ணூற்றாறில், சாய்நாத் ஒரு சிங்கப்பூர் கம்பெனிக்காக வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார். ஆடுகிறவர் பாகம் பாகமாக மாட்டி ஒரு விண்கலம் கட்ட வேண்டும். பிறகு கிளப்ப வேண்டும். கிளப்பினால் கப்பல் மேலே போனது, இன்ஜின் கீழேயே நின்றது. ஒருநாள் பயணிகள் அறை மட்டும் தரையில் தங்கிவிட, கப்பல் காலியாகச் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. சாய்நாத் கணபதி ஹோமம் செய்து பார்த்தார். கீபோர்டை மாற்றிப் பார்த்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"நாம பண்றது கேம் இல்ல சார். அடுத்த நாகரிகம்" என்றார். அடுத்த நாகரிகத்தில் அன்று ஏ.சி. வேலை செய்யவில்லை.

திசைகாட்டியை ஏந்தி அறையைச் சுற்றி வந்தேன். ஒரு மேஜையருகே முள் கிறுகிறுவென்று ஆடியது. "கடுமையான தோஷம்" என்றேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அந்த மேஜையில் இருந்த பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. சூடாமணி. மயிலாப்பூர்ப் பெண்.

"மானிட்டர் பக்கத்துல எந்தத் திசைகாட்டியை வெச்சாலும் முள்ளு அப்படித்தான் ஆடும் மாமா. ரெண்டடி தள்ளி நில்லுங்கோ, நின்னுடும்."

தள்ளி நின்றேன். நின்றுவிட்டது. யாரோ சிரித்தார்கள். நான் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

இன்ஜின் என்பது அக்னி, அது தென்கிழக்கில்தான் இருக்க வேண்டும் என்று சாய்நாத்துக்கு விளக்கினேன்.

"கப்பல் திரும்பிண்டே இருக்குமே மாமா, அதுக்கு ஏது கிழக்கு?" என்றாள்.

"சூடாமணி, உன் வேலையைப் பாரு" என்றார் சாய்நாத்.

அவள் பார்த்தாள். மறுநாள் நான் வந்தபோது படிக்கட்டில் என்னை மடக்கினாள்.

"தப்பைக் கண்டுபிடிச்சுட்டேன் மாமா. ஒரு பாகத்தைத் திருப்பி மாட்டினா, ப்ரோக்ராம் அதைத் திருப்பாத மாதிரியே ஞாபகம் வெச்சிண்டிருக்கு. அதான் கழண்டுடறது. இன்ஜினுக்குச் சரி பண்ணிட்டேன். மத்த பாகமெல்லாம் ஒண்ணொண்ணா பண்ணணும். ஆனா அந்த இடத்தை எழுதினதே சாய்நாத் சார்தான். அவர் தப்புன்னு சொன்னா என்னை அனுப்பிடுவார். நீங்க சொன்ன தென்கிழக்குலயே வெச்சுடறேன். பேர் உங்களுக்கே இருக்கட்டும். என்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்கோ."

"அவ்வளவு அவசரமாம்மா?"

"இல்லேன்னா ஆத்துல தை மாசம் கல்யாணம் பண்ணி நாக்பூர்ல தள்ளிவிட்டுடுவா. மாப்பிள்ளைக்குப் பொண்ணு வேலைக்குப் போனா ஆகாதாம்."

"கவலைப்படாதே" என்றேன். வாக்குக் கொடுத்ததாக அதை எடுத்துக்கொண்டது அவள் தவறு.

அன்றே கப்பல் இன்ஜினோடு கிளம்பியது. சாய்நாத் கண் கலங்கி எனக்குச் சால்வை போர்த்தினார். விண்கலத்துக்கே வாஸ்து பார்த்தவர் என்று ஊரெல்லாம் சொன்னார். அடையாறு பங்களாக்களிலிருந்து கார் அனுப்பிக் கூப்பிட்டார்கள். சபாக்களில் பேசினேன். எல்லாம் சரியாகவே நடந்தது. ஆனால் வாரா வாரம் அந்த மாடிக்குப் போகும்போது சூடாமணி நிமிர்ந்து, "வாங்கோ மாமா" என்பாள். அவ்வளவுதான். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. சொல்லிவிட்டவர்களை மறுத்துவிடலாம். சொல்லாதவர்களை என்ன செய்வது?

இதற்கிடையில் கப்பலின் கதவுகள் கழன்றன. அதற்கும் என்ன வழி என்று சாய்நாத் கேட்டார். சூடாமணி இருந்த மூலையைக் காட்டினேன். "நைருதி. அங்கே கல்யாணமாகாத பெண் உட்கார்ந்தா முதலாளி ஆயுசுக்கு ஆகாது."

அவர் முகம் வெளுத்தது. "நாற்காலிய மாத்திப் போட்டா போதாதா சார்?" நல்ல மனிதர்.

"நாற்காலி மேல தப்பில்லையே" என்றேன்.

அன்று மாலைக்குள் அவளை அனுப்பிவிட்டார். பையோடு படியிறங்கும்போது, "நான் யார்கிட்டயும் சொல்லலையே மாமா" என்றாள். தெரியும் என்றேன். தை மாதம் அவள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது. ஒரு பெண்ணைக் காலாகாலத்தில் கரையேற்றியதில் எனக்கும் பங்குண்டு. யாரும் நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

அவள் போனபின் கப்பலைச் சரி செய்ய ஆளில்லை. கதவு போயிற்று, இறக்கை போயிற்று. சிங்கப்பூர்க்காரர்கள் கேமைத் திருப்பி அனுப்பினார்கள். சாய்நாத் கம்பெனியை மூடினார். தோஷத்தை நீக்குவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டேன் என்று இப்போது உங்களிடம் வந்திருக்கிறார். ஏமாற்றவில்லை. வேண்டாதவளை வெளியே அனுப்ப என் சாஸ்திரத்தைப் பயன்படுத்தினேன். அதை ஒப்புக்கொள்கிறேன். சாஸ்திரத்தைக் குறை சொல்லாதீர்கள்.

அந்த மூலை நிஜமாகவே நைருதிதானா என்று கேட்கிறீர்கள். நைருதி என்றால் தென்மேற்கு. அந்த மாடிப்படி சுற்றிச் சுற்றி ஏறும், மேலே போனால் திசை குழம்பிவிடும். அவள் எதிரில் மறுபடி திசைகாட்டியை எடுக்க எனக்கு விருப்பமில்லை. அவள் போன பிறகு கீழே இறங்கி ஓர் ஆட்டோக்காரரை விசாரித்தேன்.

"இன்னா சாமி, பட்டப்பகல்ல தெச கேக்குற? அதோ சூரியன் எறங்கிக்கினு கீது பாரு, அதான் மேற்கு."

அவள் உட்கார்ந்திருந்தது வடகிழக்கு மூலை. இருப்பதிலேயே உத்தமமான மூலை அதுதான்.